பாண், பான், பங்குவாங்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைச் சாமான் சீட்டும், ஊருக்கு இரண்டு வரிக் கடிதமும்தான். மறதியும் வந்துவிட்டது. பின்னால் நடந்ததை முன்னால் எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மருமகள். உடம்பு இளைக்க வேண்டும் என்று ரொட்டியை விட்டுவிட்டாள். ரொட்டிக்குப் பதிலாக சலாட் இலை, வெள்ளரிக்காய், கத்தரிக்காய்த் துண்டு இவற்றுக்கு நடுவில் முட்டையும் மீனும் வைத்து சாண்ட்விச் செய்யலாம், கலோரி குறைவு என்று பத்திரிகையில் போட்டிருந்ததாம். மேசையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, "பாத்தீங்களா, என்னென்ன புதுசு புதுசா கண்டுபிடிக்கிறாங்க" என்றாள். நாலு பேர் முன்னால் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஆனால் அன்று முழுக்க மனசு அடங்கவில்லை. கலோரி என்ற வார்த்தையே காதில் விழாத காலத்தில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், இதே பினாங்கில் நான் அதைச் செய்திருக்கிறேன். இளைப்பதற்காக இல்லை. என் வீட்டுக்காரரின் காலுக்காக.

அவர் கப்பல் துறையில் டாலி கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. கப்பலிலிருந்து தொங்கான் படகில் வந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் கிடங்கு வாசலில் நின்று எண்ணுகிற வேலை. நாலு கோடு போட்டு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. சுமை தூக்குகிறவர்களின் வரிசை எறும்பு மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இவர் தலையைத் திருப்பினால் ஒரு மூட்டை தப்பிவிடும். அதனால் மத்தியானம் சோறு பிசைந்து சாப்பிட வழியே இல்லை. வலது கையில் பென்சில், இடது கையில் ரொட்டி. நடுவில் சார்டினோ முட்டையோ வெங்காயச் சம்பலோ வைத்து, இரண்டு துண்டு ரொட்டியைச் சேர்த்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன்.

ரொட்டிக்கு எங்கள் தெருவில் குறைச்சல் இல்லை. விடிந்ததும் ரொட்டிக்கார அண்ணன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருவார். ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம். பின்னால் தகரப் பெட்டி. மூடியைத் திறந்தால் தெருவே மணக்கும். மத்தியானம் அதே சைக்கிளைக் கப்பல் துறை வாசலில் நிறுத்தி விற்பார்.

ஒரு நாள் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணி இவருடைய இடது கால் சுண்டு விரலைக் கிழித்துவிட்டது. சின்னக் கிழிசல். மஞ்சள் அரைத்துப் போட்டேன். ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. விரல் வீங்கி, ஓரத்தில் கறுப்பு நிறம் தெரிந்தபோது ரிக்‌ஷா வைத்து டாக்டரிடம் போனோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்தார். என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில்தான் பேசினார். காலைப் பார்த்தார், நீரைச் சோதித்தார். பிறகு இவரைக் கட்டுப் போடுகிற அறைக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் நிறுத்தினார்.

"சமைக்கிறது நீங்கள்தானே? கவனமாய்க் கேளுங்கோ. இது சலரோகம். நீரில சீனி போகுது. அதாலதான் காயம் ஆறேல்லை. சாப்பாட்டை அடக்கினா ஆறும். அடக்காட்டி விரல்ல தொடங்கினது பாதத்துக்கு ஏறும். பிறகு வெட்டுறதைத் தவிர வேற வழியில்லை. விளங்குதோ?"

தலையை ஆட்டினேன். எனக்கு எதிரில் தெரிந்தது கிடங்கு வாசலும், அங்கே ஒற்றைக் காலில் நிற்க முடியாத ஒரு மனிதரும்தான். வீட்டில் கைக்குழந்தை வேறு இருந்தது.

"சோறு ஒரு கிண்ணத்துக்கு மேல வேண்டாம். சீனி வேண்டாம். கிழங்கு வேண்டாம். இவர் பாண் சாப்பிடுறவரோ?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல் துறை வாசலில் ஒரு வடநாட்டார் வெற்றிலை மடித்து விற்பார். அதை அவர் பான் என்பார். கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரரும் வீட்டில் அப்படித்தான் சொல்வார். வெற்றிலை பாக்கு என்ற பேச்சே எங்கள் வீட்டில் போய்விட்டது.

"ஆமாங்க டாக்டர்" என்றேன்.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"நாலு. சில நாளு அஞ்சு."

"காலமையோ, பின்னேரமோ?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்தாங்க போடுவாரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சாப்பாட்டுக்குப் பிறகும் பாணோ! இனி ஒண்டும் வேண்டாம். ஒரு துண்டும் குடுக்கப்படாது. பாண்தான் இவருக்கு எமன்."

துண்டு என்றாரே என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. வெற்றிலையைத் துண்டு என்பார்களா? கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்ட மனிதரிடம், 'நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. "சரிங்க டாக்டர்" என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பித்தளை வெற்றிலைப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன்.

"பானுக்கும் சர்க்கரைக்கும் என்னா புள்ள சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும். டாக்டர் சொன்னாரு. அதுதான் எமனாம்."

அவர் பெட்டியை ஒரு தரம் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் பூட்டி அலமாரி மேல் வைத்தேன். சோற்றையும் ஒரு கிண்ணமாகக் குறைத்தேன். மனிதர் பசியில் வாடினார். அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ரொட்டியைக் கூட்டினேன். காய்ச்சல் வந்தால் ரொட்டியும் பாலும் கொடுப்பதுதானே நம் வழக்கம்? நோயாளிக்கு ரொட்டியைவிட லேசான சாப்பாடு ஏது? காலையில் நாலு துண்டு, வேலைக்கு ஆறு துண்டு, சாயங்காலம் பசிக்கிறது என்றால் இன்னும் இரண்டு. ரொட்டிக்கார அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. திரும்ப டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரரும் பக்கத்திலேயே, காலை ஒரு முக்காலி மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் நீரைச் சொட்டுவிட்டு விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. டாக்டர் முகம் மாறியது.

"அம்மா, நீங்கள் பாணை நிப்பாட்டேல்லையோ?"

"அன்னைக்கே நிறுத்திட்டேங்க. பெட்டியப் பூட்டி அலமாரி மேல வச்சிட்டேன்."

"பாண் பெட்டியையோ?"

"ஆமாங்க, பித்தளைப் பெட்டி. சுண்ணாம்பு டப்பாவையும் சேத்துத்தான்."

"சுண்ணாம்போ?"

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "டாக்டர், நீங்க சொன்னது ரொட்டியவா? எங்க ஆபீஸ் யாழ்ப்பாணத்துக் கிராணிங்க ரொட்டியத்தான் பாண்ணு சொல்லுவாங்க. இவ வெத்தலைன்னு நெனைச்சிட்டா" என்றார்.

மூலையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த டிரஸ்ஸர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"என்னிலையும் பிழை இருக்கு" என்றார் அவர். "ஆனா கறுப்பு மேல ஏறியிருக்கு. ஒரு மாதம் பார்ப்பம். சீனி இறங்கினா விரலோட நிக்கும். இறங்காட்டி பாதம்."

ரிக்‌ஷாவில் எங்கள் தெரு முனையில் திரும்பும்போதுதான் அவர், "மூணு வாரம் வெத்தலை இல்லாம செத்தேன் புள்ள" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு வரவில்லை. வாசலில் இறங்கும்போது, சின்னக் குரலில், "கேட்டிருக்கலாம்ல?" என்றார். அதற்கு மேல் அவர் வாழ்நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் பித்தளைப் பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். மறுநாள் காலை மணி அடித்தபோது ரொட்டி வேண்டாம் என்று கதவிடுக்கில் கையை ஆட்டினேன். அந்த ஒரு மாதமும் என் கையால் ஒரு துண்டு ரொட்டி அவருக்குப் போகக் கூடாது. என் வெட்கத்தால் ஏறிய கறுப்பை என் அடுப்படியிலேயே நிறுத்த வேண்டும். இது ஒன்றுதான் எண்ணம்.

சோதனையை வீட்டிலேயே செய்ய டாக்டர் கற்றுக் கொடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாய், பிடிக்க மரக் கிடுக்கி, ஸ்பிரிட் விளக்கு, ஒரு சீசா நீல மருந்து. நீர் எட்டுச் சொட்டு. கொதிக்கவிட்டு நிறம் பார்க்க வேண்டும். நீலம் நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் கூடுதல். செங்கல் நிறம் ஆபத்து. எழுதி வை என்றார் டாக்டர். நிறத்துக்கெல்லாம் இங்கிலீஷ் பெயர் எனக்கு எங்கே வரும்? தையல் டப்பாவிலிருந்து அதே நிற நூலை எடுத்து, மாதாகோயில் கலண்டரில் அந்தந்த நாளின் கட்டத்தில் ஒரு தையல் போட்டுவிடுவேன். முதல் வாரம் முழுக்கச் சிவப்பு நூல். இரண்டாம் வாரம் மஞ்சளுக்கு இறங்கியது.

காலைக்கும் இரவுக்கும் கீரையும் மீனும் முட்டையும் வைத்துச் சமாளித்துவிடலாம். மத்தியானம்தான் பாடு. மேலதிகாரி இவர் காலைப் பார்த்து இரக்கப்பட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து எண்ணலாம் என்று விட்டிருந்தார். ஆனால் சுமை வரிசை இவருக்காக நிற்குமா? அப்போதும் ஒரு கைச் சாப்பாடுதான். ரொட்டி இல்லாமல் ரொட்டியின் வேலையைச் செய்ய எது இருக்கிறது?

முதலில் கோபிஸ் இலை, முட்டைக்கோஸுக்கு இங்கே அதுதான் பேர். ஆவியில் வாட்டி, நடுவில் கொத்துக்கறி வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து சொன்னார்: "வெயில்ல அது ஒரு நாத்தம் நாறுச்சு பாரு, கிடங்குல தோல் மூட்டை எறங்கியிருக்குன்னு நெனைச்சிட்டானுங்க. 'கிராணி ஆடு மாதிரி எலை தின்றாரு'ன்னு ஒருத்தன் கத்துறான்."

அடுத்தது முட்டை. தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றி, அதையே மேலும் கீழும் வைத்து நடுவில் மீன். ருசி நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் எண்ணெய் கையில் ஒட்டி, கையிலிருந்து புத்தகத்தில் ஒட்டி, ஒரு பக்கத்தில் எழுதிய கோடெல்லாம் தேய்ந்து மங்கிவிட்டது. பெரிய கிராணி அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எதிரில் நிற்கிற ஆள் தெரிகிறதே என்று கேட்டாராம். கத்தரிக்காயை வட்டமாக நறுக்கிப் பொரித்துப் பார்த்ததும் அதே கதைதான்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நோன்யா இருந்தாள். சீன வம்சம், ஆனால் சாரோங் கபாயா கட்டி மலாய் பேசுகிறவர்கள் அவர்கள். தமிழ்ப் பெண்களை எல்லாரும் கூப்பிடுகிறபடி அவளும் என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் அரைகுறை மலாய். பின் கட்டுச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஆச்சி, உன் சுவாமிக்குக் காக்கி எப்படி லா?" என்றாள். மலாயில் புருஷனுக்கு சுவாமி, காலுக்குக் காக்கி. கும்பிடுகிற பேரை இவருக்கு வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

ரொட்டிக்கு மாற்றுத் தேடுகிறேன் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு தட்டு கொண்டு வந்தாள். பங்குவாங் கிழங்கைத் துருவி, காய்ந்த கணவாயோடு வதக்கி, சலாட் இலையில் சுருட்டி வைத்திருந்தாள். அது எனக்குப் பழக்கமான பண்டம்தான். ஆனால் என் கண் போனது தட்டின் மேல் இல்லை. அவள் அம்மியோரத்தில் பாதி வெட்டி வைத்திருந்த பச்சைப் பங்குவாங் மேல். தோல் உரித்த அந்தக் கிழங்கு வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, ரொட்டியின் உள்பக்கம் போலவே இருந்தது. ஒரு துண்டு கேட்டு வாங்கி வாயில் போட்டேன். மொறுக்கென்றது. எண்ணெய் இல்லை, வாடை இல்லை. கையில் ஒட்டவும் இல்லை.

சந்தோஷமாக ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. இது கிழங்கு. கிழங்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குச் செய்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். குழந்தையை நோன்யாவிடம் விட்டேன். அந்தக் கிழங்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு, தனியாக, நடந்தே டிஸ்பென்சரிக்குப் போனேன். டிரஸ்ஸர் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, வெத்தலை வாங்க வந்தீங்களா?" என்று கேலி செய்தார். முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. போகவில்லை. என் முறை வந்ததும் கிழங்கை டாக்டர் மேசை மேல் வைத்தேன்.

"டாக்டர், இது கிழங்கு. இதுவும் கூடாதா, இல்ல இது மட்டும் குடுக்கலாமா? எனக்கு நல்லாப் புரியணும். புரியிற வரைக்கும் நான் போக மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு டிரஸ்ஸரிடம், அவர் தேநீருக்கு வைத்திருந்த ரொட்டியில் ஒரு துண்டும், புண்ணுக்குப் போடுகிற அயோடின் சீசாவும் கேட்டார். ரொட்டியில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். மை கொட்டியது போல் கறுத்துப் போயிற்று. ஒரு உருளைக்கிழங்கும் எடுத்து வரச் சொல்லி வெட்டி விட்டார். அதுவும் கறுப்பு. பங்குவாங்கை வெட்டி ஒரு சொட்டு விட்டார். அயோடின் அதன் பழுப்பு நிறத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அங்கங்கே லேசாக நிழல் தட்டியது, அவ்வளவுதான்.

"கறுக்கிறது மாச்சத்து. இதில குறைவு, தண்ணிதான் கூட" என்றார். "இளசாய்ப் பார்த்து வாங்குங்கோ. அளவாய்க் குடுங்கோ. குடுத்திட்டு நீரைச் சோதியுங்கோ. நிறம் ஏறினா நிப்பாட்டுங்கோ." பிறகு டிரஸ்ஸர் பக்கம் திரும்பி, "இப்பிடிக் கேட்கிறவையைப் பகிடி பண்ணப்படாது" என்றார்.

மறுநாள் ரொட்டி அறுக்கிற பல் கத்தியாலேயே பங்குவாங்கை வட்டம் வட்டமாக அறுத்து, நடுவில் சார்டின் வைத்துக் கொடுத்தனுப்பினேன். வெற்றி என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் குழாயில் வந்தது மறுபடி செங்கல் நிறம்.

கிழங்கு கெடுத்துவிட்டதா? அயோடினில் கறுத்தது ரொட்டிதானே, கிழங்கு இல்லையே என்று நூலைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். பிறகு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னைக்கு ரொட்டி சாப்பிட்டீங்களா?"

"யாரு சொன்னது?"

"உங்க தண்ணி சொல்லுது."

அவர் கலண்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "உன் கெழங்கு பட்டுன்னு ஒடைஞ்சு போச்சு புள்ள. தண்ணி வுட்டு, சார்டின் அப்படியே கால் கட்டு மேல விழுந்திருச்சு. பசி. வாசல்ல ரொட்டிக்காரரு நின்னாரு. என்னா பண்ணச் சொல்ற?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பசித்த மனிதரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? மறுநாள் விடிந்ததும், எப்போதும் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டுகிற நான், தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் போய் ரொட்டிக்கார அண்ணனின் சைக்கிளுக்கு முன்னால் நின்றேன்.

"என்னா தங்கச்சி, ரெண்டு வாரமா ஆளைக் காணோம்? நம்ம ரொட்டியில கல்லு கெடந்துச்சா?"

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு ரொட்டி விக்காதீங்க."

அவர் மணியில் வைத்த கையை எடுத்தார். "ரொட்டி விக்கிறவன்கிட்ட ரொட்டி விக்காதேன்னு சொல்ல வந்த மொத ஆளு நீதான்."

கால், கறுப்பு, டாக்டர், கிழங்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அல்லாவே, எனக்குத் தெரியாது தங்கச்சி. நேத்து ரெண்டு துண்டு சும்மாவே சேத்துக் குடுத்தேனே. இனி அவரு கழுத்தைப் புடிச்சாலும் குடுக்க மாட்டேன்." பிறகு, "அந்தக் கெழங்கு தண்ணி வுடுதுங்கிற. ரொட்டிக்கு மொதல்ல எதுக்கு பட்டர் தடவுறோம், சொல்லு?" என்று கேட்டார்.

"ருசிக்குத்தானே?"

"ருசி அப்புறம். உள்ளார வச்ச ஈரம் ரொட்டியில ஏறக் கூடாது, அதுக்குத்தான். ரொட்டிய அதோட ஈரத்துலருந்து காப்பாத்துறோம். உன் கெழங்குக்கும் அதான் வைத்தியம். மொதல்ல அதுல இருக்கிற தண்ணிய வாங்கு. அப்புறம் பட்டரைப் பூசு. கத்திய இன்னும் மெல்லிசா ஓட்டு. தடியா இருந்தா ஒடையும், மெல்லிசா இருந்தா வளையும்." போகும்போது திரும்பிப் பார்த்து, "என் பொழைப்ப நானே கெடுத்துக்கிறேன் பாரு" என்று மணியடித்துக்கொண்டே போனார்.

அதன்படி செய்தேன். இளசான சின்னப் பங்குவாங்காகத் தேர்ந்து, தோலுரித்து, பின்பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வட்ட வட்டமாக அறுத்தேன். உப்புத் தூவி, வெள்ளைத் துணிக்கு நடுவில் பரப்பி, மேலே பலகை வைத்து, அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றினேன். அரை மணி நேரத்தில் துணி நனைந்துவிட்டது. கிழங்கு ஒடியாமல் தோல் மாதிரி வளைந்தது. உப்பு போகத் துடைத்து, ஒரு பக்கம் பட்டர் தடவி, எண்ணெய் வடித்த சார்டினை வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம் சாறு சேர்த்து மசித்து நடுவில் வைத்தேன். ஓர் ஈடுக்கு மேலே இரண்டு வட்டம், கீழே இரண்டு வட்டம். வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் இல்லாததால் மீனோ முட்டையோ, மற்ற நாளில் கறி. எடுத்துப் போக வழிதான் இல்லாமல் இருந்தது. அவர் மேசையில் சிகரெட்டு வருகிற வட்டத் தகர டின் ஒன்று காலியாகக் கிடந்தது. அந்த டின்னின் மூடியாலேயே கிழங்கை வெட்டினால் அளவு சரியாக இருந்தது. ஈடு ஈடாக அடுக்கி, மூடி, கொடுத்தனுப்பினேன்.

அன்று சாயங்காலம் டின்னைக் குலுக்கிக்கொண்டே வந்தார். காலி.

"ஒடைஞ்சுதா?"

"ஒடையல. கடிச்சா மொறுக் மொறுக்குன்னு சத்தம் வருது. நாலு மூட்டைக்கு ஒரு கடி, அஞ்சாவதுக்குக் குறுக்க ஒரு கோடு. பக்கத்து கிராணி, 'ஓய், கணக்கு சரியா வருது லா'ங்கிறான்."

குழாயில் திரும்ப மஞ்சள் வந்தது. நாலைந்து நாளில் மஞ்சளில் பச்சை கலந்தது. அதற்கப்புறம் பச்சை நூல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து சோதித்தபோது நீலம் நீலமாகவே நின்றது. விளக்கை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி சூடு தாங்காமல் விரிசல் விட்டுவிட்டது.

மாதம் முடிந்தபோது கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் நூல் தையல்களை விரலால் தடவிப் பார்த்தார். காலையும் பார்த்தார். கறுப்பு விரலோடு நின்றிருந்தது. சுண்டு விரலைக் காப்பாற்ற முடியாது என்றார். பாதத்துக்குப் பயமில்லை என்றார்.

விரலை எடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் அந்த விரலும் தப்பியிருக்குமோ என்னவோ. டாக்டரிடம் அதையும் கேட்டேன். "அதை ஆராலும் சொல்ல ஏலாது" என்றார். நல்லதுக்குச் சொன்னாரோ உண்மையைச் சொன்னாரோ, தெரியாது. என் வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், துறையில் விசாரித்தவர்களிடம், "பத்துல ஒண்ணு ஷார்ட், மத்த சரக்கெல்லாம் பத்திரமா எறங்கிருச்சு" என்றாராம். அதற்கப்புறம் பல வருஷம் அந்தக் காலிலேயே நின்று மூட்டை எண்ணினார். சிகரெட்டு டின் துருப்பிடித்து மூன்று தடவை மாற்றினோம்.

மருமகளுக்கு இதை எழுதி மேசை மேல் வைக்கப் போகிறேன். பேசிச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். சலாட் இலை தண்ணீர் விடும், கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும். பங்குவாங்கை அவள் செய்து பார்க்கட்டும். பட்டர் தடவ மறக்க வேண்டாம். அதில் அந்தக் கலோரி எவ்வளவு என்று அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

படிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பாண் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் மூன்று சுழி 'ண்' போடுவார்களா, இரண்டு சுழியா? நீல மருந்தில் விட்டது எட்டுச் சொட்டா, பத்தா? பங்குவாங்கில் மாச்சத்து அவ்வளவு குறைவு என்பதை இன்றைய டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்களா? நான் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பிருந்தால் அடித்துத் திருத்திவிடுங்கள். அதற்கு முன்னால் சர்க்கரை உள்ளவர்கள் யாரும் இதை நம்பிச் செய்ய வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள். அவர் சொல்வது புரியவில்லை என்றால் இன்னொரு தரம் கேளுங்கள்.